கோட்டையின் மூன்றாம் தளத்தில் செய்த சத்தியம்

செய்தி வந்தபோது நான் பெர்மிட் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். சோஹாரில் நம் ப்ளாண்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வரிசை தெரியும். மிஷினில் கை வைக்க அன்றன்றைக்கு ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும், அந்தச் சீட்டுக்காக ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் பதினைந்து பேர் இருந்தார்கள். கைப்பேசியில் சூசை அண்ணனின் எண் வந்தது. அவர் வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுவார், அன்று செவ்வாய். எடுத்தால் அண்ணியின் குரல். "தம்பி, அண்ணன் போயிட்டாருப்பா" என்றார். காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாராம். அண்ணி தம்ளரை எடுக்க வந்தபோது மூச்சு இல்லையாம். நான் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பின்னால் நின்ற பாகிஸ்தானிக்காரர் "யல்லா பாய், ஆகே சலோ" என்று முதுகில் தட்டினார். வரிசை நகர்ந்திருந்தது. நானும் நகர்ந்தேன், சீட்டு வாங்கினேன், வேலைக்குப் போனேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம், நீதான் எழுத வேண்டும் என்று கேம்ப் நண்பர்கள் சொன்னார்கள். பத்து வருடமாக எல்லாருடைய லீவு விண்ணப்பத்தையும் எழுதித் தருபவன் நான், அதனால் இதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நல்லவர், உழைப்பாளி, சிரித்த முகம் என்று எழுதிக்கொடுத்தால் வேலை முடிந்தது. எல்லாம் உண்மையும்கூட. ஆனால் அப்படி எழுதிக்கொடுத்துவிட்டு உங்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தெம்பில்லை. எட்டு மாதமாக ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு களைத்துப்போய்விட்டேன். அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு மலரில் போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சூசை அண்ணன் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். அப்பாவும் அண்ணன்மாரும் கட்டுமரத்தில் போனவர்கள். இவருக்கோ படகு ஏறினால் குடல் வெளியே வந்துவிடும். "கடலு என்ன வேண்டாம்னு துப்பிட்டு மக்கா, அதான் அரபிக்காரன் பிடிச்சிக்கிட்டான்" என்பார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தார். சவுதியில் யான்புவில் ஒன்பது வருடம், பிறகு ஓமானில் நம் சோஹாரில் பதினெட்டு வருடம். பம்பு, கம்ப்ரஸர் என்று சுழல்கிற எதற்கும் அவர்தான் ஃபோர்மேன். அதிர்வு அளக்கும் கருவி வந்த பிறகும் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங்கின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "பாட்டு சரியில்ல" என்றால் பிரித்துவிட வேண்டியதுதான். இன்ஜினியர்கள் கருவியைக் காட்டி வாதாடுவார்கள். பிரித்துப் பார்த்த பிறகு பேச மாட்டார்கள்.

நம் கேம்ப்பின் இரண்டாம் தவக்காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதை ஆரம்பித்து வைத்தவரும் அவர்தான். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு வருடா வருடம் மெடிக்கல் உண்டு. அதில் தவறினால் அடுத்த விமானத்தில் ஊர். அதனால் மெடிக்கலுக்கு இரண்டு வாரம் முன்பே மெஸ்ஸில் இறைச்சி நின்றுவிடும், ஊறுகாய் நின்றுவிடும், டீயில் சர்க்கரை நின்றுவிடும். வெந்தயத் தண்ணீர் ஒரு அண்டா நிறைய வந்து உட்காரும். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் என்று வித்தியாசமில்லாமல் எல்லாரும் விரதம். "கர்த்தருக்காக நாப்பது நாளு, கம்பெனிக்காக பதினாலு நாளு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அண்டாவைக் கிளறுவார். பிரஷர் பார்க்கும்போது எப்படி மூச்சு விட வேண்டும் என்று வகுப்பே எடுப்பார். நெஞ்சு வலி உண்டா என்ற கேள்விக்கு இல்லை, மயக்கம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை. நாம் எல்லாரும் இல்லை இல்லை என்று குறியிட்டுத்தான் இத்தனை வருடம் ஓட்டினோம். அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்தோம்.

போன வருடம் புது கம்ப்ரஸர் ஒன்றை ஜப்பானில் செய்யக் கொடுத்திருந்தார்கள். அது ஓடுவதை நேரில் பார்த்துச் சரி சொல்ல இரண்டு பேர் போக வேண்டும். ஃபோர்மேன் என்ற முறையில் அண்ணனையும், ரிப்போர்ட் எழுதுவதற்கு என்னையும் அனுப்பினார்கள். தொழிற்சாலை இருந்தது ஒரு சிறிய ஊரில். ஐந்து நாள் காலை முதல் மாலை வரை இரைச்சலில் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எனக்குப் படுத்துத் தூங்க வேண்டும் போலிருந்தது. ஆனால் தொழிற்சாலையின் இளம் இன்ஜினியர் மோரி, பக்கத்து ஊரில் நானூறு வருடத்துப் பழைய கோட்டை இருக்கிறது, அழைத்துப்போகிறேன் என்று கார் கொண்டுவந்துவிட்டார். அந்தக் கோட்டையின் பெயரை அவர் மூன்று முறை சொல்லியும் என் வாயில் நுழையவில்லை. அண்ணன் ஒரு முறை கேட்டே சரியாகச் சொன்னார்.

கோட்டை என்றதும் நான் நம் பக்கத்துக் கருங்கல் மதிலையும் ஓமானின் மண் நிறக் கோட்டைகளையும் நினைத்திருந்தேன். இது வேறு மாதிரி. கீழே சாய்வான கருங்கல் சுவர், அதன் மேல் வெள்ளைச் சாந்து பூசிய மர வீடு ஐந்தாறு அடுக்காக உட்கார்ந்திருந்தது. வாசல் கண்ணுக்கு எதிரே தெரிகிறது, வழி மட்டும் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கிறது. எதிரி நேராக வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டினார்கள் என்றார் மோரி. சுவரெங்கும் முக்கோணமும் சதுரமுமாக ஓட்டைகள், அம்பு விடவும் துப்பாக்கி நீட்டவும். அண்ணன் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். "நம்ம மெயின் கேட் செக்யூரிட்டி தோத்துப்போவான் மக்கா" என்றார். குளிர் அதிகம். வளைகுடா வெயிலில் வெந்த இரண்டு பேர் இரவல் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு மேடு ஏறினோம். அவர் அடிக்கடி நின்று கல்லைத் தடவிப் பார்ப்பதை ரசனை என்று நினைத்தேன்.

உள்ளே போகச் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பை தருகிறார்கள், அவரவர் ஷூவை அவரவர் கையிலேயே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பலகைத் தரை காலுறைக்குக் கீழே வழுக்கியது. நடுவில் இரண்டு ராட்சத மரத் தூண்கள், கீழிருந்து உச்சிவரை போகின்றன. அண்ணன் உத்திரங்கள் கூடும் இடங்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு போல்டு கூட இல்ல, பாத்தியா. வெட்டி வெட்டிச் சொருகியிருக்கான்" என்றார். பிறகு தூணை விரல் முட்டியால் தட்டி, அதில் காது வைத்துக் கண்ணை மூடினார். காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாள் பதறி எழுந்தாள். மோரி அவளிடம் என்னவோ சொல்லிச் சமாதானம் செய்தார். "பாட்டு நல்லா இருக்கு" என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

அந்தக் கோட்டையின் படிகளைப் படிகள் என்று சொல்லக் கூடாது. ஏணிகள்தான். செங்குத்தாக இருக்கும், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் முழங்கால் உயரம். "ஏறி வாறவன் எதிரின்னு நெனச்சே கட்டியிருக்கான்" என்றார் அண்ணன். இரண்டாம் தளம் ஏறும்போது பேச்சு நின்றது. மூன்றாம் தளத்தில், பழைய துப்பாக்கிகள் மாட்டியிருந்த சட்டத்தின் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிரில் அவர் முகமெல்லாம் வேர்வை. நிறம் சாம்பலாகியிருந்தது. முன்னால் மேலே ஏறிப் போயிருந்த மோரியைக் கூப்பிட வாயெடுத்தேன். அண்ணன் கையை உயர்த்தித் தடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த மாத்திரை என்னவென்று எனக்குத் தெரியும், என் மாமனார் நெஞ்சு வலிக்கு அதை வைத்திருந்தார்.

"எத்தன நாளா அண்ணே?" என்று கேட்டேன்.

"போன லீவுலேயே நாகர்கோவில் டாக்டர் சொல்லிட்டாரு. மூணு குழாய் அடைச்சிருக்காம். ஆபரேஷனாக்கும்."

"செஞ்சிருக்கலாமே!"

"செஞ்சா நெஞ்சுல தழும்பு வரும். தழும்போட மெடிக்கல்ல நிக்க முடியுமாடே? இந்த மிஷின நான் உக்கார வைக்கணும். கடைசி மிஷின். உக்கார வச்சு, ஓட விட்டு, பாட்ட கேட்டுட்டுப் போறேன். அது வரைக்கும் நீ வாயத் தொறக்கப்பிடாது."

ஊருக்குப் போய் அண்ணியோடு இருக்கலாமே என்றேன். அவர் வாடிய சிரிப்பொன்று சிரித்தார். "அங்க நான் விருந்தாளி மக்கா. லீவுல வாற நாப்பது நாளு விருந்தாளி. அதுக்கு மேல இருந்தா அவளுக்கும் என்ன செய்யணும்னு தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். பிறகு என் வலது கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு, யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு." முடி வேர்வையில் நனைந்திருந்தது. ஒருவர் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அது அந்தத் தலையைத்தான் பிடிக்கும் என்று எங்கள் அரியலூர்ப் பக்கம் சொல்வார்கள். அதை நினைத்துக்கொண்டேதான் சத்தியம் செய்தேன்.

கீழே இறங்கிவிடலாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. இருபது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று உச்சிக்கே வந்துவிட்டார். அங்கே ஒரு சின்னச் சாமி மாடம், நாலு பக்கமும் ஜன்னல்கள். வெளியே பார்த்தால் ரயில் பாதை, தொழிற்சாலைகள், புகைபோக்கிகள். "இம்புட்டு கஷ்டப்பட்டு ஏறி வந்தா சோஹார் மாதிரியே இருக்கேடே" என்றார். எதிரி எவனாவது இந்த உச்சி வரை ஏறியிருக்கிறானா என்று கேட்கச் சொன்னார். மோரி தலையாட்டி மறுத்தார். இந்தக் கோட்டைக்குச் சண்டையே வரவில்லை, கட்டியதிலிருந்து காவல் மட்டும்தான் இருந்தது என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ இந்த ஓட்டைக்குப் பின்னால நின்னவன் எல்லாம் நம்மள மாதிரி டூட்டி பாத்துட்டு செத்திருக்கான். அவனுக்கு லீவு உண்டுமான்னு கேளு" என்றார். அந்தக் கேள்வி மோரிக்குப் புரியவில்லை. நானும் புரியவைக்க முயலவில்லை.

ஏறியதைவிட இறங்கியதுதான் பயங்கரம். அவரைத் திருப்பி நிறுத்தி, நான் முதலில் இறங்கி, அவர் குதிகாலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்தேன். இரண்டு பேருடைய ஷூப் பையும் என் பல்லில் தொங்கியது. மேலே ஏறக் காத்திருந்த ஜப்பானியக் கிழவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்று குனிந்து வணங்கினார்கள். ஓட்டலுக்கு வந்து நான் குளியலறையில் அழுதேன். மறுநாள் அவர் மிஷின் பக்கத்தில் நின்று எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

சோஹார் துறைமுகத்துக்கு மிஷின் வந்திறங்கிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், பாதி மட்டும். அடித்தளத்தில் அதை உட்கார வைத்து, தலைமுடி அளவு சாய்வுகூட இல்லாமல் நேர் பார்க்கும் வேலையை அவரே செய்தார். இன்னும் மூன்று வாரத்தில் மிஷினின் முதல் ஓட்டம். ஒரு நாள் காலை பம்பு ஷெட்டுக்குப் பின்னால் அவர் மல்லாந்து கிடந்தார். நான் உலுக்கினேன். கண் திறக்க நேரமாயிற்று. "கேஸ் மக்கா, நேத்து பருப்பு" என்றார். அன்று சாயங்காலம் அவரை மெஸ்ஸில் பார்த்தேன். அடுத்த மெடிக்கலுக்கு எத்தனை கிலோ வெந்தயம் வாங்க வேண்டும் என்று சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஆம், நான்தான். உங்களில் ஒவ்வொருவரும் யார் அந்தத் துரோகி என்று கேட்டீர்களே, அந்த ஆள் நான். டாக்டர் அவரைக் கூப்பிட்டு நெஞ்சைப் படம் எடுத்தார், ஓடும் பட்டையில் நடக்க வைத்தார். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். பத்தாம் நாள் அவருக்கு டிக்கெட் வந்தது.

நர்ஸ் ஜாஸ்மின்தான் போட்டுக்கொடுத்தாள் என்று பேச்சு கிளம்பியது. அண்ணன் எப்போதாவது அவளிடம் போய்ப் பிரஷர் பார்ப்பார் என்பதால் எல்லாரும் நம்பினீர்கள். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் பிறகு அவளுக்குச் சோறு வைக்க மாட்டோம் என்று முடிவெடுத்தீர்கள், அவள் வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பினீர்கள். நானும் திருப்பினேன். நான் டாக்டரிடம் சொன்னபோது அவள் அதே அறையில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். கிளினிக்கில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவள் வேலை, அதனால் சொல்லவில்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மஸ்கட் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். போன வாரம்தான் நான் அவளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "சரி அண்ணா, டூட்டியில இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். நீங்களும் கேட்க வேண்டும்.

அண்ணனை விமானம் ஏற்ற நான்தான் காரில் கொண்டுபோனேன். நேரம் இருந்ததால் மஸ்கட் ஏர்போர்ட்டைத் தாண்டி ரூவி வரை போய், அவருக்குப் பிடித்த தமிழ்க் கடையில் தோசை சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்பது பேச்சுக்கு, இருவர் தட்டிலும் பாதி கிடந்தது. "ஜாஸ்மின்னு சொல்லுறானுவ. எனக்கு அப்படித் தோணல்ல, ஆனா வேற யாருன்னும் தெரியல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என் தலையில அடிச்சவன். உன்ன நான் நினைச்சுக்கூடப் பாக்கமாட்டேன்" என்றார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தம்ளர் நிரம்பி மேசையில் வழிந்தது. "சொன்னவன் எவனா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஆனா இனி என் மொகத்துல முழிக்கப்பிடாது" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். துடைக்கத் துணி கேட்டு எழுந்து போனேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம், வெள்ளிக்கிழமை தவறாமல் பேசினோம். ஆபரேஷன் செய்யும் நிலையைத் தாண்டிவிட்டது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம், அதையும் கிண்டலாகவே சொன்னார். மிஷின் ஓடிய நாளில் அதன் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். நாலு முறை கேட்டுவிட்டு, "கப்ளிங் பக்கம் ஒரு சின்ன முனகல் இருக்கு, பாரு" என்றார். பார்த்தோம், இருந்தது. ஒவ்வொரு வாரமும் வீடியோவில் வா என்பார். இங்கே வீடியோ கால் சரியாக எடுக்காது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அது எனக்கு வசதியாகப் போயிற்று. நெட் மாஃபி, நெட் இல்ல அண்ணே என்று சொல்லிச் சொல்லியே எட்டு மாதம் கடத்தினேன். நெட் நன்றாகத்தான் இருந்தது.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அண்ணி கூப்பிட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவரோடு சேர்ந்தாற்போல வாழ்ந்தது இந்த எட்டு மாதம்தான் என்றார். "மொதல்ல ரெண்டு பேருக்கும் பேச்சே வராது தம்பி. அப்புறம் அவரு மீன் கழுவித் தருவாரு, நான் கொழம்பு வைப்பேன். சண்டைகூட போட்டோம். யாரு கம்பெனில சொன்னாங்களோ தெரியாது. அந்தப் புண்ணியவானுக்காக நான் தெனமும் ஜெபமாலை சொல்லுறேன்" என்றார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. அண்ணி, இந்தத் தாள் உங்கள் கைக்கு வரும்போது தெரிந்துகொள்ளுங்கள், அந்த ஆள் நான். ஜெபத்தைத் தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பம்.

நான் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்லாமலிருந்தால் அவர் மிஷினின் பாட்டைப் பக்கத்தில் நின்று கேட்டிருப்பார். சொன்னதால் அண்ணிக்கு எட்டு மாதம் கிடைத்தது. நாகர்கோவில் டாக்டர் சொன்ன அன்றே அவர் நம்மில் யாரிடமாவது சொல்லி ஆபரேஷனுக்குப் போயிருந்தால் இன்னும் இருபது வருடம் கிடைத்திருக்கலாம். இதை மாற்றி மாற்றி நினைத்து ஓய்ந்துவிட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு முகம் மட்டும். அடக்கத்தன்று கோவிலில் இருந்து நேரலையில் காட்டினார்கள். நான் ரூமில் தனியாக உட்கார்ந்து கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துப் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். முழிக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார் அல்லவா. பெட்டியை மூடப்போகிறோம், கடைசியாகப் பார்ப்பவர்கள் பார்க்கலாம் என்று யாரோ சொல்வது கேட்டது. கைப்பேசியைத் திருப்பினேன். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். அதனால் பார்த்தேன்.